ஐந்தாம் எண்ணுக்கு நான் எழுதிய பதில்

முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாளையங்கோட்டையில் நான் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்த மென்பொருள் அலுவலகத்துப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். மகன் பள்ளியில் சேர்ந்ததும் இரண்டாவது குழந்தை வயிற்றில் இருப்பது தெரிந்ததும் ஒரே மாதத்தில் நடந்தன. வேலையை விட்டேன். விட்டது சரிதானா என்று வாரத்துக்கு ஒருமுறையாவது யோசிக்கிறேன். ஆனால் பார்த்த வேலையைப் பற்றி எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. அதில் எது சரி, எது தவறு என்று என்னால் தெளிவாகச் சொல்ல முடியும்.

போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

"அக்கா, இப்பல்லாம் கேட்டா மிஷினே எழுதிக் குடுத்திருது. ஸ்விட்ச்சு, கேஸு எல்லாம் வரிசையா வந்து விழுது. இனி நாங்க என்னத்தக் கத்துக்கிட?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அதான், ஒங்க அனுபவத்த எழுதித் தாங்க. ஆபீஸ் மலர்ல போடுதோம்" என்றாள் மற்றவள்.

எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பெரிய தவறை நான்தான் செய்தேன். எந்த மிஷினும் செய்யவில்லை.

மலரை வீட்டில் இருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் ஸ்விட்ச் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நிரலுக்குள் ஒரு எண் வந்து சேர்கிறது. அது ஒன்று என்றால் இந்த வேலையைச் செய், இரண்டு என்றால் அந்த வேலையைச் செய் என்று வழிகளைப் பிரித்து எழுதுவதுதான் ஸ்விட்ச். ஒவ்வொரு வழிக்கும் கேஸ் என்று பெயர். ஒரு கேஸ் முடிந்ததும் பிரேக் என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் நிரல் அங்கே நிற்காமல் அடுத்த கேஸுக்குள் இறங்கி அதையும் செய்துவிடும். எந்தக் கேஸுக்கும் பொருந்தாத எண் வந்தால் என்ன செய்வது என்பதைக் கடைசியில் டிஃபால்ட் என்ற இடத்தில் எழுதுவோம். இவ்வளவுதான். கல்லூரியில் இதை அரை மணி நேரத்தில் நடத்தி முடித்துவிட்டார்கள். பிறகு கங்கைகொண்டான் ஐடி பூங்காவில் ஆறு மாதப் பயிற்சியிலும் அதே அரை மணி நேரம்தான்.

பிரேக்கை விட்டால் என்ன ஆகும் என்பதை வேலையில் சேர்ந்த முதல் ஆண்டே தெரிந்துகொண்டேன். பள்ளிகளிலிருந்து பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரல் அது. விடுமுறை அறிவிப்புக்கான கேஸில் பிரேக் எழுத மறந்துவிட்டேன். ஒரு நாள் காலை, 'இன்று பள்ளிக்கு விடுமுறை' என்ற செய்தி போனது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, 'உங்கள் குழந்தை இன்று பள்ளிக்கு வரவில்லை. காரணத்தை எழுதி அனுப்பவும்' என்று அடுத்த செய்தியும் போனது. மறுநாள் சேரன்மகாதேவியிலிருந்து ஒரு தகப்பனார் முறையாக விடுப்புக் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். 'காரணம்: பள்ளி விடுமுறை. இப்படிக்குப் பணிவுள்ள' என்று கையெழுத்தும் போட்டிருந்தார். அந்தக் கடிதம் எங்கள் அலுவலகச் சுவரில் வெகுநாள் ஒட்டியிருந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்து முடிக்கிற தவறுகளும் உண்டு.

முதல் பிரசவம் முடிந்து நான் திரும்பி வந்தபோது எங்கள் குழுவுக்குப் புதிய தலைவர் வந்திருந்தார். பெயர் கோமதிநாயகம்; எங்களுக்கு நாயகம். என்னைவிட நான்கு வயது சின்னவர். திருநெல்வேலி டவுன்காரர். அதிகாரியாக இருந்தாலும் என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். நான் முதல் வாரம் "சார்" என்றேன்.

"அக்கா, சார்னு கூப்பிட்டியன்னா நான் திரும்பிப் பாக்கமாட்டேன். வேற யாரையோ கூப்பிடுதாவன்னு போயிட்டே இருப்பேன்" என்றார். அதன் பிறகு "தம்பி" என்று கூப்பிட்டேன். ஆனால் மரியாதையைக் குறைக்கவில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. நாம் எழுதிய நிரலைத் திரையில் பார்க்கமாட்டார். காகிதத்தில் அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து, பைய, கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். ஸ்விட்ச் வந்தால் மேலே இருக்கும் கேஸ்களை விட்டுவிட்டு நேரே டிஃபால்ட்டுக்குப் போவார். அங்கே விரலை வைத்துக்கொண்டு, "இங்க யாரு வருவாக்கா?" என்பார்.

"யாரும் வரமாட்டாங்க. நாலு எண்ணுதான் உண்டு. நாலையும் எழுதியாச்சு."

"யாரும் வராத எடத்துக்கு வாசல் எதுக்கு?"

அவர் எங்களுக்குச் சொன்ன விதி ஒன்றே ஒன்றுதான். தெரியாத எண் வந்தால் நிரல் கத்த வேண்டும். அலுவலகத்தில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வர வேண்டும், வெளியே போகும் செய்தியிலும் தெரியவில்லை என்றே இருக்க வேண்டும். பிறர் எழுதியதை அவர் ஒருநாளும் தன் கையால் திருத்தியதில்லை. பென்சிலில் ஒரு சுழி போட்டு நம்மிடமே தந்துவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளி வேன்களுக்கான வேலை எங்களிடம் வந்தது. ஓட்டுநரின் செல்போனில் ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கும் நேராகச் சில பொத்தான்கள் இருக்கும். குழந்தை வேனில் ஏறினால் ஒன்று, பள்ளியில் இறங்கினால் இரண்டு, வீட்டில் இறங்கினால் மூன்று, வராவிட்டால் நான்கு. அந்த எண் எங்கள் கணினிக்கு வரும். என் ஸ்விட்ச் அதற்குரிய செய்தியைத் தாயின் செல்போனுக்கு அனுப்பும். ஓட்டுநரின் செல்போனில் ஓடுகிற பகுதியை கங்கைகொண்டானில் வேறொரு குழு செய்தது. செய்தி அனுப்பும் பகுதி முழுவதும் என் பொறுப்பு.

விதிப்படியே டிஃபால்ட்டை எழுதினேன். 'குழந்தையின் நிலை தெரியவில்லை' என்று செய்தி போகும். நாயகம் பார்த்துச் சரி என்றார். ஒரு பள்ளியில் சோதனைக்கு விட்டோம்.

முதல் வாரத்திலேயே மூன்று தாய்மார் பதறிக்கொண்டு போன் செய்தார்கள். மூன்று முறையும் நான் விசாரித்தேன். மூன்று முறையும் குழந்தை வீட்டுக்கு வந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்தது. சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்தில் பொத்தானை அழுத்தியதால் எண் வெறுமையாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்போது என் மகனுக்கு இரண்டு வயது. காலையில் அவனை என் மாமியாரிடம் விட்டுவிட்டு வருவேன். கேட்டைத் தாண்டும்போது அவன் அழுகிற சத்தம் அலுவலகம் வரை காதில் இருக்கும். அந்த மூன்று தாய்மாரின் குரலைக் கேட்டதும், இவர்களை எதற்கு வீணாகப் பயமுறுத்துகிறோம் என்று தோன்றிவிட்டது. மாலை மூன்று மணிக்கு மேல் வரும் எந்த வெற்று எண்ணும் கடைசியில் வீட்டில் இறங்கியதாகத்தானே முடிகிறது?

இரண்டு நிமிட வேலைதான். மாலை நேரத்து ஸ்விட்ச்சில் டிஃபால்ட்டை மூன்றாம் கேஸோடு சேர்த்துவிட்டேன். இனி தெரியாத எண் வந்தாலும், 'உங்கள் குழந்தை பத்திரமாக வீட்டில் இறங்கியது' என்றே போகும். நாயகம் அன்று ஊரில் இல்லை. இவ்வளவு சின்ன மாற்றத்துக்கு அச்செடுத்துப் பென்சிலுக்குக் காத்திருக்க வேண்டுமா என்று நானே நேரடியாக ஏற்றிவிட்டேன். அன்று மாலை எந்தத் தாயும் கூப்பிடவில்லை. நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு மாதம் எல்லாம் சரியாக ஓடியது. பிறகு ஒரு வியாழக்கிழமை, நாலரை மணிக்கு, உதவி எண்ணுக்கு ஒரு போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

பேசியவர் நூர்ஜஹான். வண்ணாரப்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். கணவர் சவூதியில். மகள் ரிஸ்வானா இரண்டாம் வகுப்பு. மாலையில் மேலப்பாளையத்தில் வேன் விட்டுப் போனதும் பக்கத்து வீட்டு அக்கா, அவர்கள் வழக்கில் லாத்தா, குழந்தையைக் கூட்டி வைத்துக்கொள்வார்.

"எம் புள்ள நாலு மணிக்கு எறங்கிட்டான்னு மெசேஜ் போட்டிருக்கிய. லாத்தா வாசல்லயே நிக்கிறாவ. புள்ள வரல. எங்க எறங்குனா? சொல்லுங்க, எந்த எடத்துல எறக்கிவிட்டாவ?"

"ஒரு நிமிஷம், பாத்துச் சொல்லுதேன்."

"தெருவெல்லாம் தேடுதாவ. நாலு பேரு கால்வாப் பக்கம் போயிருக்காவ. எறங்குனவ எங்க போயிருப்பா?"

வந்து சேர்ந்த எண்களின் பதிவைத் திறந்தேன். ரிஸ்வானாவின் பெயருக்கு நேராக, நான்கு மணி இரண்டு நிமிடத்துக்கு, ஐந்து என்று இருந்தது.

ஐந்து என்று ஒரு எண்ணே எங்களுக்குக் கிடையாது. அப்படியென்றால் அது டிஃபால்ட்டுக்குப் போயிருக்கிறது. டிஃபால்ட்டில் நான் எழுதியதுதான் அந்தத் தாயின் கையில் இருக்கிறது. குழந்தை வீட்டில் இறங்கியதாக எந்த ஓட்டுநரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கிறேன். அதை நம்பித்தான் அவர்கள் வேனைத் தேடாமல் கால்வாய்க் கரையில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

என் முகத்தைப் பார்த்து நாயகம் எழுந்து வந்தார். திரையில் பதிவையும் ஸ்விட்ச்சையும் காட்டினேன். டிஃபால்ட்டில் விரலை வைத்தார்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "புள்ள வேன்லதான் இருக்கும் தம்பி. தெருவுல தேட வேண்டாம்னு சொல்லிரட்டா?" என்றேன்.

"வேன்ல இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"இருக்கும்னுதான்..."

"தேட வேண்டாம்னு சொல்லாதீங்கக்கா. மெசேஜ் தப்புன்னு மட்டும் சொல்லுங்க. நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அப்போதும் நான் ஆறுதலான பொய் ஒன்றைத்தான் தேடியிருக்கிறேன் என்பது பின்னால்தான் உறைத்தது. போனில், "அம்மா, அந்த மெசேஜ் தப்பு. ஒங்க புள்ள எறங்குனதா எங்களுக்குத் தகவல் வரல. எங்க இருக்கான்னு இப்ப எங்களுக்குத் தெரியல. போனை வைக்காதீங்க, தேடிக்கிட்டிருக்கோம்" என்றேன். மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

பதிவை மறுபடி பார்த்தேன். அதே நான்கு இரண்டுக்கு இன்னும் பத்துக் குழந்தைகளுக்கு ஐந்து என்று வந்திருந்தது. பதினோரு குழந்தைகள் ஒரே நிமிடத்தில் பதினோரு வீட்டு வாசலில் இறங்க முடியாது. ஒரே இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது. அந்த வேனை ஓட்டும் இசக்கி அண்ணாச்சியை நாயகம் கூப்பிட்டார். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார்.

"ஆமா, மேலப்பாளையத்துப் புள்ளையள பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வச்சு துரை வண்டியில மாத்திவிட்டேன். தெனமும் அப்படித்தானல்லா? நான் டவுனுக்குப் போவேன், அவன் அங்கன போவான். ரெண்டு பேரும் ஊரைச் சுத்தவா? அதுக்குன்னுதான இன்னைக்குப் புதுசா ஒரு பட்டன் குடுத்திருக்காவ!"

இதுதான் எங்கள் ஊர் வழக்கம். இரண்டு வேன்கள் ஓரிடத்தில் நின்று குழந்தைகளை மாற்றிக்கொண்டு, ஆளுக்கு ஒரு திசையாகப் பிரிந்து போகும். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த நான் அதை எத்தனையோ முறை ரோட்டில் நின்று பார்த்திருக்கிறேன். வழிகளைப் பிரிக்க உட்கார்ந்தபோது எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. ஓட்டுநர்கள் கேட்டுக்கொண்டதால் கங்கைகொண்டான் குழு ஐந்தாவது பொத்தானைச் சேர்த்து, எனக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பியிருந்தது. மகனுக்குக் காய்ச்சல் என்று நான் விடுப்பில் இருந்த நாள் அது. அஞ்சல் படிக்கப்படாமலே கிடந்தது. அதிலாவது மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். டிஃபால்ட்டைச் சொல்ல முடியாது. அது நான் யோசித்துச் செய்தது.

துரையின் போன் அணைந்திருந்தது. நாயகம் பைக்கை எடுத்துக்கொண்டு அந்த வேன் போகிற வழியிலேயே போனார். மற்ற பத்து வீடுகளுக்கும் செய்தி தப்பு என்று பக்கத்து மேசைக்காரர்கள் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் நூர்ஜஹானின் போனைக் காதிலும் நாயகத்தின் போனுக்காக இன்னொன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நூர்ஜஹான் ஒவ்வொரு நிமிடமும் "தெரிஞ்சுதா?" என்றார். நான் ஒவ்வொரு முறையும் "இன்னும் தெரியல" என்றேன். என் வாழ்க்கையில் அத்தனை தடவை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நாயகம் கூப்பிட்டார்.

"அக்கா, வேன் குலவணிகர்புரம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கி. டயர் பஞ்சர். புள்ளையள் பதினோரு பேரும் இருக்காவ, எண்ணிட்டேன். ரிஸ்வானா முன் சீட்டு. என்னைப் பாத்து, நீங்க யாரு, ஐடி கார்டு எங்கங்கா."

நாயகம் போனைக் குழந்தையிடம் கொடுக்க, இரண்டு போன்களையும் வாயும் காதும் பொருந்த எதிரெதிராகச் சேர்த்துப் பிடித்தேன். குழந்தையின் குரல் என் கைகளுக்கு நடுவில் கேட்டது. "உம்மா, டயரு டப்புன்னுச்சு. நாந்தான் மொதல்ல பாத்தேன்."

எங்கள் நிறுவனத்தின் முதலாளியும் ஓட்டுநர்களைப் போலவே எல்லோருக்கும் அண்ணாச்சிதான். மறுநாள் காலை ஏழு மணிக்கே அவர் பள்ளிக்கு அனுப்ப ஒரு கடிதம் தயாராக வைத்திருந்தார். சிக்னல் கோளாறால் செய்தி தவறிவிட்டது என்று அதில் இருந்தது.

"அது உண்மை இல்லை அண்ணாச்சி" என்றேன்.

"புள்ள கெடச்சிட்டுல்லா? அந்தம்மாகிட்டப் போயி ஒங்க ஸ்விட்ச்சு கதையெல்லாம் சொல்லி என்னத்துக்கு? அவங்களுக்குப் புரியவா போகுது?"

"புரியும்" என்றார் நாயகம். "நேத்து முப்பது நிமிஷம் போன்ல இருந்தாங்க."

கடிதத்தை அங்கேயே விட்டுவிட்டு, நானும் நாயகமும் நூர்ஜஹான் வீட்டுக்கு நேரில் சொல்லக் கிளம்பினோம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வேலை போய்விடுமோ, அந்த வீட்டில் என்னை நிற்க வைத்துக் கேட்பார்களோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

நூர்ஜஹான் எங்களை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். நான் ஒரு காகிதத்தில் ஐந்து எண்களையும் அவற்றின் வழிகளையும் வரைந்து, கடைசி வழியில் நான் எழுதியிருந்த செய்தியைக் காட்டினேன். யார் எழுதியது என்று அவர் கேட்கும் முன்பே, "நான்தான் எழுதினேன். தாய்மார் பயப்படக் கூடாதுன்னு நெனச்சு எழுதினேன்" என்றேன்.

அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்குப் புள்ள இருக்கா?"

"இருக்கான். ரெண்டு வயசு."

"அவன் எங்க இருக்கான்னு தெரியாதப்ப, யாராச்சும் வந்து பத்திரமா இருக்கான்னு சொன்னா எப்படி இருக்கும்?"

அவர் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"தெரியலன்னா தெரியலன்னு போடுங்க. நான் பயந்துக்கிடுதேன். அது என் வேலை. அத நீங்க ஏன் எடுத்துக்கிட்டிய?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. லேபில் வந்தவரிடம் ரிப்போர்ட்டை விளக்குகிற குரலில் சொன்னார். பிறகு ரிஸ்வானாவைப் பார்த்து, "சட்டைய மாத்து, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்றார். அன்றும் அதே வேனில்தான் அனுப்பினார். வேறு வழி இல்லை என்றார்.

அன்று பகல் ஸ்விட்ச்சை மறுபடி எழுதினேன். ஐந்துக்குத் தனிக் கேஸ், அதில் எந்த வேனுக்கு மாறியது என்ற விவரம், பிரேக். பிறகு டிஃபால்ட். 'உங்கள் குழந்தை இப்போது எங்கே என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஓட்டுநரைக் கூப்பிடுங்கள்' என்று எழுதி, கீழே ஓட்டுநரின் எண்ணும் போகும்படி செய்தேன். அச்செடுத்து நாயகத்திடம் நீட்டினேன். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். பென்சிலை எடுக்காமலே திருப்பித் தந்தார். செய்தி பயமுறுத்துகிறது என்று முதலாளி அண்ணாச்சி முணுமுணுத்தார். "பயமுறுத்தத்தான் அண்ணாச்சி" என்றேன். அந்த அலுவலகத்தில் நான் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

புதுப்பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மிஷின் உங்களுக்குக் கேஸ்களை வரிசையாக எழுதித் தரும். பிரேக்கைக்கூட மறக்காது. டிஃபால்ட்டிலும் படிக்க இதமாக ஏதாவது எழுதி வைத்திருக்கும். அங்கே விரலை வைத்து, இங்கே யார் வருவார் என்று கேட்பது உங்கள் வேலை. அதை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்த வாரமே ஒரு மாலையில் இசக்கி அண்ணாச்சியின் போன் ஏதோ மக்கர் பண்ணி, அவர் வண்டிப் பிள்ளைகள் எல்லோருக்கும் வெற்று எண் வந்தது. புதிய செய்தி முதன்முறையாக வெளியே போனது. கால் மணி நேரத்தில் அவர் எனக்கே போன் செய்துவிட்டார்.

"என்னம்மா நீங்க செஞ்சு வச்சிருக்கிய? வண்டிய ஓரங்கட்டி நிக்கேன். போனு அடிச்சிக்கிட்டே இருக்கு. ஒரு வாய் டீ குடிக்க விடமாட்டேங்காவ!"

"வண்டியில எத்தன புள்ளைங்க அண்ணாச்சி?"

"பதினாலு."

"எத்தன பேரு கூப்பிட்டாங்க?"

"பதிமூணு பேரு கூப்பிட்டாச்சு. ஒவ்வொருத்திக்கும் புள்ளை கையில போனக் குடுத்துப் பேச வைக்கணுமாம்!"

"குடுங்க அண்ணாச்சி. இன்னும் ஒருத்தங்க கூப்பிடுவாங்க, நான் போனை வைக்கேன்."